சுருளும் உருண்டையும்: திருகோணமலையிலிருந்து கலக்ஸி பார்க்கத் தொடங்குவோருக்கு

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. அந்த நாட்களில் போனுக்குப் போன் பறந்த செய்மதிப் படத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் கேட்பது ஒன்றுதான்: "இது அப்படியே கலக்ஸி மாதிரி இருக்கே, ரெண்டும் ஒரே வேலையா?" நல்ல கேள்வி. பதில் "இல்லை". ஆனால் ஏன் இல்லை என்று விளங்கிக்கொள்ளப் போனால் கலக்ஸிகளின் உருவம், நட்சத்திரக் கொத்துகளின் உருவம், அவற்றின் ஓட்டம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

இந்த வழிகாட்டி அப்படிக் கேள்வி உள்ளவர்களுக்கு. சாதாரண தரத்து விஞ்ஞானமும் பெருக்கல் வகுத்தலும் போதும். தொலைநோக்கி வேண்டாம், முதல் வருடம் வாங்கவே வேண்டாம் என்பேன். ஒரு விடயத்தை மட்டும் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: வானத்துப் பொருளின் உருவம் என்பது அதற்குள் நடந்த ஓட்டத்தின் தடம். தட்டையாக இருந்தால் பெரும்பாலும் சுழல்கிறது. உருண்டையாக இருந்தால் உள்ளே இருப்பவை ஆளுக்கொரு திசையில் ஓடுகின்றன. வால் நீண்டிருந்தால் பக்கத்தில் ஏதோ ஒன்று இழுத்திருக்கிறது.

1. நாளும் இடமும்

திருகோணமலை 8.6 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. இது நமக்குப் பெரிய கொடுப்பினை. துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்தை ஒட்டிக்கொண்டு நிற்க, தெற்கு வானம் ஏறத்தாழ முழுவதும் திறந்து கிடக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் எவ்வளவு காசு கொட்டித் தொலைநோக்கி வாங்கினாலும் வீட்டு முற்றத்திலிருந்து காண முடியாத ஓமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்து, இங்கே தெற்கில் 34 பாகை உயரத்துக்கு ஏறும். தென்சிலுவை 21 பாகை. மறுபக்கம் அன்ட்ரோமீடா கலக்ஸி வடக்கில் 57 பாகை. நம் பக்கத்துச் சிறு கலக்ஸியான பெரிய மகெல்லன் முகிலுக்குக்கூட 12 பாகை கிடைக்கிறது, தெற்கு அடிவானம் மறைக்காமல் இருந்தால்.

மாரி காலத்தை மறந்துவிடுங்கள். ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை வானம் நம் கையில் இல்லை. மாசி பிறந்தபின் முன்னிரவுகள் தெளியும். கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பகலில் உயிர் போகும் என்றாலும் இரவில் வானம் திறந்திருக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் உப்புத் தூறலும் குறைவு.

நிலவுக்கு வீட்டுக் கலண்டர் போதும். போயா கழிந்து ஐந்தாறு நாளானால் நிலவு எழ இரவு பத்து, பதினொரு மணியாகும். அதிலிருந்து அமாவாசை தாண்டி மூன்று நாள் வரை முன்னிரவு உங்களுடையது.

இடத்தைத் திசையை வைத்துத் தெரிவு செய்ய வேண்டும். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று புல்மோட்டை வீதியில் வடக்கே போகப் போக இருட்டு கூடும். அங்கே நகரத்தின் வெளிச்சம் தெற்கில் படியும் என்பதால் வடக்கு, கிழக்கு, உச்சி வானத்துக்கு அந்தப் பக்கம் நல்லது. தெற்கே தாழ்வாகப் பார்க்க வேண்டுமானால் மூதூர், சம்பூர்ப் பக்கம் போய் நகரத்தை முதுகுக்குப் பின்னால் விடுங்கள். தெரிந்தவர் வளவோ வீட்டு மொட்டை மாடியோ கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. குளக்கட்டுகள் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் யானை நடமாட்டம் உள்ள பக்கம் இரவில் போகாதீர்கள். படை முகாம்களுக்கு அருகே முக்காலியும் நீளக் குழாயும் வைத்துக்கொண்டு நின்றால் கேள்வி வரும், வருவது நியாயமும்கூட. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பச்சை லேசரை வானத்தில் அடிக்கவே வேண்டாம். சீனக்குடாவில் விமானத் தளம் இருக்கிறது, விமானியின் கண் கூசும்.

கடற்கரையில் நின்றால் வள்ளத்துக்குப் போகும் ஒருவர் கட்டாயம் வந்து, "தம்பி, என்ன பாக்கிறீங்க?" என்பார். பைனோகுலரை அவர் கையில் கொடுங்கள். இருட்டில் பார்த்துப் பழகிய கண்; மங்கலானதைப் பல நேரம் உங்களுக்கு முன்னே பிடித்துவிடும்.

2. கருவி

10×50 அல்லது 7×50 பைனோகுலர் ஒன்று. கடையில் அதைக் கைநீட்டுத் தூரத்தில் பிடித்துக் கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே தெரியும் இரண்டு ஒளிவட்டங்களும் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே அரியம் சரியில்லை, வைத்துவிட்டு வாருங்கள். சாய்கதிரையில் கிடந்து முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றினால் படம் ஆடாது. ரோச்சின் முகத்தில் சிவப்புச் செலோபேன் இரண்டு மடிப்பு. ஒரு கொப்பி, பென்சில், நுளம்புக்கு ஏதாவது. போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியை இறக்கி, அதன் இரவு நிறத்தை இயக்கி வையுங்கள்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். இடையில் ஒருமுறை வாட்ஸ்அப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து.

கடற்கரையிலிருந்து வந்ததும் வில்லையைச் சாரத்தால் துடைக்காதீர்கள். உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகுதான் வில்லைத் துணி.

3. முதல் பாடம்: ரோகிணி

பெப்ரவரி நடுவில் இரவு ஏழு மணிக்கு உச்சிக்குக் கிட்டப் பாருங்கள். செம்மஞ்சளாக ரோகிணி. அதோடு சேர்ந்து ஆப்பு வடிவில் ஒரு நட்சத்திரக் கூட்டம்; இதற்கு ஹயடீஸ் என்று பெயர். அதற்கு வடமேற்கே கார்த்திகை. இரண்டும் திறந்த கொத்து எனப்படும் வகை. ஒரே வாயு முகிலில் ஒன்றாகப் பிறந்து, இன்னும் பிரியாமல் ஒன்றாகப் போய்க்கொண்டிருப்பவை. கார்த்திகை சுமார் 440 ஒளியாண்டு தூரம், பத்துக் கோடி ஆண்டுக்குச் சற்று மேல் வயது. ஹயடீஸ் 153 ஒளியாண்டு, ஏறத்தாழ 65 கோடி ஆண்டு. பைனோகுலரில் வித்தியாசம் உடனே தெரியும்: இளைய கார்த்திகை நீலம் பாரித்து நெருங்கி நிற்க, மூத்த ஹயடீஸ் அகன்று கிடக்கிறது.

இப்போது கேள்வி. ரோகிணி அந்தக் கூட்டத்தில் ஒருவரா?

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் ரோகிணி 65 ஒளியாண்டில், நமக்கும் கொத்துக்கும் இடையில் தற்செயலாக நிற்கிறது. தூரம் அளக்காமலே இதைச் சொல்லலாம், ஓட்டத்தை வைத்து. 1908இல் லூயிஸ் பாஸ் என்ற அமெரிக்க வானியலாளர் ஹயடீஸ் நட்சத்திரங்கள் ஆண்டுக்காண்டு வானத்தில் நகரும் திசைகளைக் கோடுகளாக வரைந்து பார்த்தார். எல்லாக் கோடுகளும் திருவாதிரைக்குக் கிழக்கே ஒரு புள்ளியை நோக்கிக் கூடின. எல்லாம் ஒரே திசையில் நம்மை விட்டு விலகிப் போவதால்தான் அப்படித் தெரிகிறது. ரோகிணியின் கோடு அதில் சேரவில்லை.

இதிலிருந்து தூரமே வந்துவிடும். கொத்து நம்மை விட்டு வினாடிக்கு 40 கிலோமீற்றர் விலகுகிறது என்று, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்த நிறமாலை சொல்கிறது. கொத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையில் கோணம் சுமார் 31 பாகை. 40ஐ 31 பாகையின் தான்சனால் பெருக்குங்கள்: பக்கவாட்டு வேகம் 24 கிலோமீற்றர். வானத்தில் அது நகர்வது ஆண்டுக்குச் சுமார் 0.11 வில்வினாடி (ஒரு பாகையில் 3,600 வில்வினாடி). 24ஐ 0.11ஆலும், அலகு மாற்றும் எண்ணான 4.74ஆலும் வகுத்தால் 46 பார்செக்; இது வானியலாளர்களின் தூர அலகு. 3.26ஆல் பெருக்கினால் 150 ஒளியாண்டு. செய்மதி வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால் மூன்று ஒளியாண்டுதான் வித்தியாசம். கொப்பியில் ஒருமுறை செய்து பாருங்கள். ஓட்டம் தெரிந்தால் மற்றது எப்படி வருகிறது என்று கைக்குப் பிடிபடும்.

ஆண்டுக்கு 0.11 வில்வினாடி என்றால் முழுநிலவின் அகலத்தைக் கடக்க 16,000 ஆண்டுக்கு மேல். நம் பாட்டன் பூட்டன் பார்த்த ஆப்பு அப்படியே நிற்பது அதனால்தான்.

4. சித்திரையிலிருந்து தெற்கே ஒரு கோடு

மே கடைசி வாரம், இரவு ஒன்பது மணி. சித்திரை நட்சத்திரம் தெற்கே 70 பாகை உயரத்தில் நிற்கும். அங்கிருந்து நேர் கீழே, தெற்கு நோக்கி, கையை நீட்டி முட்டியால் அளந்து வாருங்கள். ஒரு முட்டி பத்துப் பாகை. மூன்றரை முட்டி கீழே, மங்கலான ஒரு நட்சத்திரம் போல் வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒன்று இருக்கும். பைனோகுலரை வைத்தால் அது நட்சத்திரம் இல்லை. முழுநிலவின் பாதிக்கும் மேல் அகலமான உருண்டை மங்கல், நடுவில் செறிந்து ஓரத்தில் கரைந்து போகும். ஓமேகா சென்டோரி. பழைய வரைபடக்காரர்கள் நட்சத்திரம் என்றே நினைத்து ஓமேகா என்ற கிரேக்க எழுத்தைக் கொடுத்தார்கள். 1677இல் சென் ஹெலனா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹேலிதான் இது வேறு ஏதோ என்று பதிந்தார். சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள்.

இது கோளக் கொத்து. நாம் இருக்கும் கலக்ஸியான பால்வீதியைச் சுற்றி இப்படி 150க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை ஏன் உருண்டை? அவற்றில் வாயு மிச்சமில்லை. வாயு என்றால் மோதும், சூடேறும், அந்தச் சூட்டை வெளியே விட்டு ஆற்றலை இழக்கும். சுழற்சியை மட்டும் இழக்க முடியாமல் தட்டையாகப் படியும். நட்சத்திரங்கள் மோதிக்கொள்வதே அரிது. ஓமேகா சென்டோரியின் நடுவில்கூட இரு நட்சத்திரங்களுக்கிடையே சராசரி ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. அது சூரியனின் அகலத்தைப்போல் ஆறு ஏழு இலட்சம் மடங்கு. ஆகவே ஒவ்வொன்றும் மையத்தைச் சுற்றித் தன்பாட்டில், வேறு வேறு சாய்வில், உள்ளே போய் வெளியே வந்து கொண்டிருக்கிறது. "ஏன் எல்லாம் நடுவில் விழுந்துவிடவில்லை?" என்பது புதியவர்கள் எல்லோரும் கேட்பது. விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. பக்கவாட்டு வேகமும் இருப்பதால் மையத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகின்றன.

இப்போது கொப்பியில் அதன் வெளிவரம்பை வரையுங்கள். நேராகப் பார்க்காமல் கண்ணைச் சற்று ஓரமாக விட்டுப் பாருங்கள். மங்கலான ஓரம் அப்போதுதான் எழும்பும். உண்மையில் அது கிழக்கு மேற்காகக் கொஞ்சம் நீண்டு தட்டையானது. கொத்து முழுவதற்குமாகச் சிறு சுழற்சி உண்டு. சிறிய தொலைநோக்கியில் இது தெரியும். பைனோகுலரில் சந்தேகமாகவே இருக்கும். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள். தெரிந்த விடையைக் கண்ணால் கண்டதாக எழுதுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் முதல் தொற்றும் நோய்.

இந்தக் கொத்தின் ஓட்டத்தைப் படத்திலேயே பிடித்திருக்கிறார்கள். ஹபிள் தொலைநோக்கி இருபது ஆண்டுக்கு மேலாக எடுத்த 500க்கும் அதிகமான படங்களை ஒப்பிட்டு, நடுவில் ஏழு நட்சத்திரங்கள் கொத்தை விட்டே தப்பிப் போக வேண்டிய வேகத்தில் ஓடியும் போகாமல் நிற்பதை 2024இல் அறிவித்தார்கள். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது குறைந்தது 8,200 சூரியன் எடையுள்ள கருந்துளையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஒரு காலத்தில் இது சிறு கலக்ஸி ஒன்றின் நடுப்பகுதியாக இருந்தது, மேல்சதை முழுவதையும் பால்வீதி உரித்தெடுத்துவிட்டது என்ற எண்ணத்துக்கும் இது வலுச் சேர்க்கிறது.

அதே கோட்டில் நாலரைப் பாகை மேலே, அதாவது அரை முட்டிக்கும் குறைவாக, என்ஜிசி 5128 என்ற கலக்ஸி. சென்டோரஸ் ஏ என்றும் சொல்வார்கள். நல்ல இருட்டில் பைனோகுலரில் ஒரு மங்கல் பொட்டு, அவ்வளவுதான். படத்தில் பார்த்தால் உருண்டைக் கலக்ஸிக்குக் குறுக்கே கறுப்புத் தூசிப் பட்டை. உருண்டையில் தூசிக்கு என்ன வேலை? அது வாயு நிறைந்த இன்னொரு கலக்ஸியை விழுங்கியதன் மிச்சம். சித்திரைக்கு மேற்கே ஒரு முட்டிக்குச் சற்று மேல் தள்ளி எம் 104 (மெசியர் என்பவரின் பட்டியலில் 104ஆவது) என்ற கலக்ஸி இருக்கிறது. சிறு கீற்றாகத் தெரிந்தால் உங்கள் இடம் உண்மையிலேயே இருட்டு என்று அர்த்தம்.

5. ஆடி மாதப் பால்வீதி

ஓகஸ்ட் தொடக்கம், இரவு ஒன்பது மணி. விருச்சிகத்தின் வால், அதாவது மூல நட்சத்திரப் பகுதி, தெற்கே நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் தனுசு. வாலுக்குக் கிழக்கே எம் 7 திறந்த கொத்து, சுமார் ஆயிரம் ஒளியாண்டு, வெறுங்கண்ணுக்கே தெரியும். கேட்டைக்கு அருகே மேற்கில், ஒன்றரைப் பாகைக்குள், எம் 4 கோளக் கொத்து, 6,000 ஒளியாண்டு. தனுசில் எம் 22, 10,000 ஒளியாண்டு. மூன்றையும் ஒரே இரவில் பார்த்து ஒரே அளவில் வரைந்தால் இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் சொல்லித்தரத் தேவையின்றி விளங்கும்.

கோளக் கொத்துகள் வானமெங்கும் சமமாகப் பரவாமல் இந்தப் பக்கமே குவிந்திருப்பதை வைத்துத்தான், பால்வீதியின் நடு தனுசுப் பக்கம் இருக்கிறது, நாம் நடுவில் இல்லை என்று ஹார்லோ ஷாப்லி 1918இல் காட்டினார். நடு 26,000 ஒளியாண்டு தள்ளி. சூரியன் அதை வினாடிக்குச் சுமார் 230 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்று எவ்வளவு காலம்? சுற்றளவு 1,63,000 ஒளியாண்டு. ஒளி நம்மைவிட 1,300 மடங்கு வேகம். பெருக்கினால் ஏறத்தாழ 21 கோடி ஆண்டு.

6. அன்ட்ரோமீடா

செப்டெம்பர் கடைசியில் நள்ளிரவுக்கு உச்சம். பத்து மணிக்கே வடகிழக்கில் நன்றாக ஏறியிருக்கும். பூரட்டாதியும் உத்தரட்டாதியும் சேர்ந்து பெரிய சதுரம் ஒன்றைக் காட்டும். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து நட்சத்திரங்களின் வரிசை வடகிழக்காகப் போகும். இரண்டாவதில் நின்று, வரிசைக்குக் குறுக்காக வடமேற்கே இரண்டு சிறிய நட்சத்திரங்களைத் தாண்டினால் நீள்வட்டமான மங்கல். பாரசீகத்தின் அல்-சூஃபி 964இலேயே இதைச் சிறு முகில் என்று எழுதிவைத்தார். 25 இலட்சம் ஒளியாண்டு. தொலைநோக்கி இல்லாமல் நம் கண் போகும் எல்லை ஏறத்தாழ இதுதான்.

படத்தில் ஆறு முழுநிலவு அகலம், உங்களுக்குத் தெரிவது நடுப்பகுதி மட்டும். ஏமாற்றம் வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். நீள்வட்டமாகத் தெரிவது சாய்ந்திருப்பதால். மேலிருந்து பார்க்க முடிந்தால் அது வட்டத் தட்டு.

1912இல் வெஸ்டோ ஸ்லைபர் அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் இதன் நிறமாலையை எடுத்தபோது கோடுகள் நீலப்பக்கம் நகர்ந்திருந்தன. வினாடிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி. ஒளியின் வேகம் 3,00,000. ஆக ஆயிரத்தில் ஒன்று. 656.3 நனோமீற்றரில் வர வேண்டிய ஐதரசன் கோடு 655.6இல் வரும். கோடு நகர்ந்தது அவ்வளவே, ஆனால் கலக்ஸி ஓட்டம் பற்றிய படிப்பு முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு ஆண்டு கழித்து அவரே எம் 104இன் கோடுகள் சாய்ந்திருப்பதைக் கண்டார்: தட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வேகமாக விலகுகிறது. சுழற்சி என்பதற்கு நேரடிச் சாட்சி.

"பிரபஞ்சம் விரிகிறது என்கிறார்கள், பிறகு அன்ட்ரோமீடா மட்டும் ஏன் கிட்ட வருகிறது?" விரிவு மிகத் தொலைவில்தான் வெல்லும். பக்கத்தில் இருப்பவற்றை ஈர்ப்பு பிடித்து வைத்திருக்கும். அந்த 300இலும் பெரும்பகுதி சூரியன் பால்வீதியைச் சுற்றி அந்தப் பக்கமாக ஓடுவதால் வருவது; கலக்ஸிக்குக் கலக்ஸி பார்த்தால் சுமார் 110. அந்த வேகத்தில் வந்து சேர 680 கோடி ஆண்டு. நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதால் 400 கோடி ஆண்டளவில் மோதல் என்று 2012இல் கணித்தார்கள். 2025இல் வெளிவந்த ஆய்வொன்று பெரிய மகெல்லன் முகிலின் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் இணைவதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் "நிச்சயம் மோதும்" என்று எழுதியிருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம்.

7. இனிப் புயலுக்கு வருவோம்

வங்காள விரிகுடாப் புயல் எதுவும் இடஞ்சுழியாகத்தான், அதாவது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகத்தான், சுழலும். பூமியின் சுழற்சி அதை அப்படித் திருப்புகிறது. கலக்ஸிக்கு அப்படிக் கட்டளை போட ஆளில்லை. இந்தப் பக்கமிருந்து வலஞ்சுழியாகத் தெரிவது அந்தப் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழி. புயலில் காற்று தாழமுக்க நடுவை நோக்கி இழுபட்டு மேலே எழுகிறது. கலக்ஸியில் நட்சத்திரங்கள் நடுவுக்கு உறிஞ்சப்படுவதில்லை. சூரியன் பிறந்த 460 கோடி ஆண்டில் இருபது சுற்றுக்கு மேல் போய்விட்டது, இன்னும் விழவில்லை.

இருபது சுற்று என்றதும் அடுத்த கேள்வி வர வேண்டும். உள்ளே இருப்பவை சுற்றை விரைவாக முடிக்கின்றன, வெளியே இருப்பவைக்கு நேரமாகிறது. அப்படியானால் கலக்ஸியின் தட்டில் தெரியும் சுருள் கைகள் நூல்போல் இறுகச் சுற்றிக் காணாமல் போயிருக்க வேண்டுமே? புதியவர்கள் கேட்பதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஏனெனில் வானியலாளர்களையே பல பத்தாண்டு தடுமாற வைத்த கேள்வி. 1964இல் லின், ஷூ இருவரும் தந்த விடை: கை என்பது ஒரே நட்சத்திரங்கள் கூடி நிற்கும் கூட்டம் இல்லை, தட்டில் ஓடும் செறிவு அலை. தேர்த் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் முன்னால் எப்போதும் சனம் நெருக்கியடித்து நிற்கும்; நெருக்கம் அங்கேயே இருக்கும், ஆட்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். வாயு அந்த நெருக்கத்துக்குள் அமுங்கும்போது புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. பிரகாசமான நீல நட்சத்திரங்கள் அங்கேயே வாழ்ந்து முடிவதால் கை பளிச்சென்று தெரிகிறது. எல்லாக் கலக்ஸிக்கும் இது பொருந்தாது. துண்டு துண்டான கைகள் உள்ளவற்றில் கைகள் உருவாகி அழிந்து மறுபடி உருவாகின்றன. முதன்முதல் சுருளைக் கண்டுபிடித்த எம் 51இல் (ரோஸ் பிரபு, அயர்லாந்து, 1845) பக்கத்துத் துணைக் கலக்ஸியின் இழுப்புக்கும் பங்கு உண்டு.

"பழைய படத்தையும் புதுப் படத்தையும் வைத்தால் கலக்ஸி சுழல்வது தெரியுமா?" தெரியும் என்றுதான் அட்ரியன் வான் மானன் 1916இல் எம் 101 கலக்ஸியின் புகைப்படத் தட்டுகளை அளந்து சொன்னார், திறமையான அளவையாளர். எம் 101 இரண்டு கோடி ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது. அவர் அளவு சரியென்றால் அதன் நட்சத்திரங்கள் ஒளியை முந்த வேண்டியிருக்கும். 1935இல் எட்வின் ஹபிள் மறுபடி அளந்து அந்த நகர்வு இல்லை என்று காட்டினார். பக்கத்து வீடான பெரிய மகெல்லன் முகிலின் சுழற்சியை மட்டும் 2014இல் ஹபிள் தொலைநோக்கிப் படங்களால் உண்மையாகவே அளந்தார்கள்: சுற்றுக்கு 25 கோடி ஆண்டு.

ஓரத்தில் எவ்வளவு வேகம் என்பதையும் கேளுங்கள். சூரியக் குடும்பத்தில் புதன் வினாடிக்கு 47 கிலோமீற்றர், நெப்டியூன் 5. தூரம் கூடக் கூட வேகம் விழுகிறது. கலக்ஸியிலும் விழ வேண்டும். வேரா ரூபினும் கென்ற் போர்டும் 1970இல் அன்ட்ரோமீடாவை அளந்து வெளியிட்டார்கள். விழவில்லை, ஓரம் வரை ஏறத்தாழ ஒரே வேகம். கண்ணுக்குத் தெரியாத எடை சூழ்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு இட்டுச்சென்ற பெரிய சான்றுகளில் இது ஒன்று. அந்தக் கரும்பொருள் எதனால் ஆனது என்பதை இன்னும் எந்த ஆய்வுகூடமும் பிடிக்கவில்லை.

8. மாரியில் செய்ய வேண்டியது

மழை பெய்யும் மாதங்களுக்குக் கேலக்ஸி ஜூ இருக்கிறது. 2007இல் தொடங்கிய இணையத் திட்டம். ஏறத்தாழ 9 இலட்சம் கலக்ஸிப் படங்களைப் பொதுமக்கள் பார்த்துச் சுருளா, உருண்டையா, எந்தப் பக்கச் சுழி என்று பிரித்தார்கள். நீங்களும் இன்றிரவே சேரலாம். ஹானி வான் ஆர்கல் என்ற டச்சு ஆசிரியை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யாரும் அறியாத பச்சை வாயுத் திரள் ஒன்றைக் கண்டார்.

சொந்தமாக ஒரு கேள்வி எடுக்க வேண்டுமானால், வலஞ்சுழியும் இடஞ்சுழியும் சமமா என்பதிலிருந்து தொடங்குங்கள். கேலக்ஸி ஜூவிலும் இதைத்தான் எண்ணினார்கள். இடஞ்சுழி சற்றுக் கூடுதலாக வந்தது. பிரபஞ்சத்துக்கே ஒரு சாய்வு என்று எழுதுமுன், படங்களைக் கண்ணாடியில் போல் இடம்வலம் மாற்றி மறுபடி கொடுத்தார்கள். அப்போதும் இடஞ்சுழியே கூடுதல்! சாய்வு பார்த்தவர்களின் கண்ணில்தான் இருந்தது.

ஆகவே நூறு படம் எடுத்தால் அவற்றில் ஐம்பதை மாற்றி வையுங்கள். எவை மாற்றியவை என்பது எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது. வீட்டில் அக்காவோ தம்பியோ இருந்தால் ஒருவர் மாற்ற, மற்றவர் எண்ணலாம். தீர்மானிக்க முடியாதவற்றைத் தனி நிரலில் போடுங்கள். முடிவை யாருக்காவது அனுப்பும்போது படம் எங்கிருந்து எடுத்தது, வடக்கு எந்தப் பக்கம், எண்ணியவர் எத்தனை பேர், தீர்மானிக்காமல் விட்டவை எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.